பேர் கூப்பிடும் நேரம்

ஃபாதர், உங்கள் கைலி நேற்றுத் தபாலில் வந்து சேர்ந்தது. பரங்கிப்பேட்டையில் என் மாமா கடையில் நான் எடுத்துக் கொடுத்த அதே பச்சைக் கட்டம் போட்ட கைலி. பிரான்சில் உங்களைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட கன்னியாஸ்திரி துவைத்து மடித்து அனுப்பியிருக்கிறார். முகர்ந்து பார்த்தேன். ஏதோ பூ வாசனைச் சோப்பு. உங்கள் வியர்வையும் மூக்குப்பொடியும் போன இடம் தெரியவில்லை. அந்தச் சோப்பின் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.

மீசை அரும்பும் வயதில் சேசு சபையில் சேர்ந்து, பிரான்சிலிருந்து கப்பலேறிக் கடலூருக்கு வந்தவர் நீங்கள். பள்ளியில் இங்கிலீஷ் எடுத்தீர்கள். ஹாஸ்டலுக்கும் நீங்கள்தான் வார்டன். நான் கணக்கு வாத்தியார். சிதம்பரத்திலிருந்து முதல் பாசஞ்சரைப் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூரில் இறங்கி, ஹாஸ்டல் பையன்களுக்குக் காலை வகுப்பு எடுக்க வருவேன். மீன் மார்க்கெட்டில் தமிழ் கற்றவர் என்பதால் என்னை எப்போதும் மச்சான் என்றுதான் கூப்பிடுவீர்கள். "கட்டிக் குடுக்கத் தங்கச்சி இருக்கா ஃபாதர்?" என்று ஒருநாள் எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டேன். "ஒருத்தி இருந்தா. அவளும் மடத்துல சேந்துட்டா. நீ தப்பிச்ச மச்சான்" என்றீர்கள்.

காலைச் சாப்பாட்டுக்கு முன் நீங்கள் பேர் கூப்பிடும் அழகை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. கையில் நோட்டு இருக்காது. கண்ணை மூடிக்கொண்டு வரிசையாகக் கூப்பிடுவீர்கள். "உள்ளேன் ஃபாதர்" என்று குரல் வந்த பிறகுதான் அடுத்த பேர். விடியற்காலையில் அப்பனோடு படகில் போய்விட்ட பையனுக்காகக் கூட்டாளி குரல் கொடுத்தால் கண்ணைத் திறக்காமலே பிடித்துவிடுவீர்கள். "ஒருத்தனுக்கு இன்னொருத்தன் குரல் குடுக்கக் கூடாதுடா. அவன் எங்கன்னு எனக்குத் தெரியணும்" என்பீர்கள்.

ஒரு வருடம் கிறிஸ்துமஸ் லீவுக்குப் பையன்கள் வீட்டுக்குக் கிளம்பினார்கள். எட்டாம் வகுப்புச் சேகர் மட்டும் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றான். "அப்பா குடிச்சிட்டு அடிப்பாரு ஃபாதர். நான் இங்கயே இருக்கேன்" என்றான். நீங்கள் அவன் தலையைக் கோதினீர்கள். "அம்மா காத்துகிட்டு இருப்பாங்கல்ல? போயிட்டு வா." உங்கள் அம்மா இறந்தபோது உங்களால் ஊருக்குப் போக முடியவில்லை. அந்தக் கடனைச் சேகரின் அம்மாவிடம் தீர்க்கப் பார்த்தீர்கள் என்று நினைக்கிறேன். நீங்களே அவனைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலையில் கடல் ஊருக்குள் வந்தது.

நீங்களும் நானும் குப்பம் குப்பமாக அலைந்தோம். சேகர், அன்பு, தேசிங்கு, கலைமணி, முருகவேல் என்று நம் பையன்கள் ஐந்து பேரைக் கடல் கொண்டுபோயிருந்தது. சேகரின் உடலை மட்டும் பார்க்கவே முடியவில்லை. அவன் அம்மா உங்களைத் திட்டியிருந்தால்கூடத் தேவலாம். அந்தம்மா, "நீங்க சொன்னீங்கன்னுதான் வந்தேன்னு சொன்னான் சாமி. ரெண்டு நாளும் என்கூடவே இருந்தான்" என்று உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதது. அன்றிலிருந்து நீங்கள் வாய்விட்டுச் சிரித்து நான் பார்க்கவில்லை.

பள்ளி திறந்ததும் வழக்கம்போலக் கண்ணை மூடிப் பேர் கூப்பிட்டீர்கள். அந்தப் பேர்களையும் விடவில்லை. பதில் வரவில்லை. ஒரு பையன் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நின்றுவிட்டு அடுத்த பேருக்குப் போனீர்கள். பையன்கள் தேம்பினார்கள். போதும் ஃபாதர், பிள்ளைங்க பயப்படுது என்று நான்தான் சண்டைக்கு வந்தேன். "பேர வெட்டுனா, நானே அவுங்கள இன்னொரு தடவ கடல்ல தள்ளுன மாதிரி மச்சான்" என்றீர்கள். பிறகு சேர்ந்த பிள்ளைகள், அந்த முகங்களைப் பார்த்தேயிராத பிள்ளைகள்கூட, அந்த இடங்களில் சத்தம் போடாமல் நிற்கப் பழகிக்கொண்டார்கள்.

நீங்கள் இங்கே தங்குவதற்கான அனுமதியை வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். தலை முழுக்க நரைத்து, நினைவும் தடுமாறத் தொடங்கிய பிறகு, ஒரு வருடம் அது வரவில்லை. ஏன் என்று யாரும் சொல்லவுமில்லை. ஊருக்குத் திரும்பிவிடச் சொல்லி உங்கள் சபைப் பெரியவர்களும் முடிவு செய்தார்கள். "எந்த ஊருக்கு மச்சான்?" என்று ரயிலடியில் கேட்டீர்கள். கடலூர்க் கல்லறையில் உங்களுக்கென்று ஒரு வேப்பமர நிழலைக்கூடப் பார்த்து வைத்திருந்தவர் நீங்கள். போகாதீங்க என்று நான் கத்தினேன். "சொன்னா போவணும். கீழ்ப்படியறேன்னு வாக்குக் குடுத்தவன்" என்று சொல்லிவிட்டு ஏறினீர்கள். ஒரு மனிதனை வேரோடு பிடுங்கிய அந்த வாக்கை என்னால் இன்றும் மன்னிக்க முடியவில்லை.

பிறகு ஒருநாள், நண்பகல் பாங்கு முடிந்த நேரம், அங்கே காலைச் சாப்பாட்டு நேரம், அந்தக் கன்னியாஸ்திரி போன் செய்தார். மலையாளி. உங்கள் ஜெபப் புத்தகத்தில் என் நம்பர் இருந்ததாம். "ஃபாதர் காலையில சாப்பிடறதே இல்ல ஸார். கண்ணை மூடிட்டு அதே அஞ்சு பேரைக் கூப்பிடறார். பதில் வரலேன்னா திரும்ப முதல்லேர்ந்து" என்றார். அங்கிருந்த வயதான சாமியார்கள் அதைப் புனிதர்களின் மன்றாட்டு மாலை என்று நினைத்துவிட்டார்களாம். நீங்கள் "சேகர்" என்றால், அவர்கள் பக்தியோடு, "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று பிரெஞ்சில் பதில் சொல்வார்களாம். அது நீங்கள் கேட்ட பதில் இல்லை. தட்டை ஒதுக்கிவிட்டு மறுபடி தொடங்குவீர்களாம்.

போனை உங்கள் காதில் வைக்கச் சொன்னேன். "சேகர்" என்றது உங்கள் குரல். சமையலறையிலிருந்து என் மனைவி எட்டிப் பார்த்தாள். "உள்ளேன் ஃபாதர்" என்றேன். அடுத்து "அன்பு" என்றீர்கள். கடைசிப் பேர் வரை பதில் சொன்னேன். அன்று கஞ்சி குடித்தீர்களாம்.

அதன் பிறகு தினமும் நண்பகலில் போன் வரும். செத்துப்போன பிள்ளைகளுக்கு நான் குரல் கொடுப்பேன். அறுபது தாண்டிய குரலை முடிந்தவரை சன்னமாக்கிக்கொள்வேன். அடுப்படியில் நின்று என் மனைவி கேட்டுக்கொண்டிருப்பாள். முடிந்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எனக்குச் சோறு போடுவாள்.

கடைசி நாளன்று முருகவேலுக்கும் பதில் சொல்லி முடித்தேன். நீங்கள் போனை விடவில்லை. மூச்சு மட்டும் கேட்டது. பிறகு சொன்னீர்கள், "மச்சான், எல்லாருக்கும் நீயே குரல் குடுக்கிறியா?"

போனை அடுத்த காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

"அவுங்க இல்லன்னு எனக்குத் தெரியும்டா. ஆனா கூப்புட்டா, யாராச்சும் சொல்லணும்ல."

மறுநாள் போன் வரவில்லை. பனி மூடிய மண்ணில் உங்களை வைத்தார்களாம். வேப்பமரத்தடி காலியாகத்தான் கிடக்கிறது. போனால் பார்க்காமல் திரும்பிவிடுகிறேன்.

இப்போது தினமும் விடியற்காலைச் சுபுஹு தொழுகை முடிந்து, துஆ கேட்ட பிறகு, பாயில் உட்கார்ந்தபடியே அந்தப் பேர்களைக் கூப்பிடுகிறேன். நீங்கள் நின்ற நேரம் நின்றுவிட்டு அடுத்த பேருக்குப் போகிறேன். உங்களிடமிருந்து எனக்கு மிஞ்சியது இதுதான். இன்று கைலியை மடியில் வைத்துக்கொண்டு, முருகவேலுக்குப் பிறகு உங்கள் பேரையும் கூப்பிட்டேன். ஃபாதர் என்று சேர்க்காமல், வெறும் பேரை.

அடுப்படியிலிருந்து என் மனைவி, "உள்ளேன்" என்றாள்.

ஒருத்தருக்கு இன்னொருத்தர் குரல் கொடுத்தது தெரிந்தும் நான் அதட்டவில்லை.