அரிசிக்கு வைத்த கைரேகை

போர்ட் மோர்ஸ்பி,
செவ்வாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

நான் நலம். உன் முழங்கால் வீக்கம் வடிந்ததா? அப்பாவுக்கு இருமல் நின்றதா?

நேற்று சுரங்கக் கம்பெனியில் கோப்பு அடுக்கும்போது உன் கட்டைவிரல் ரேகையைப் பார்த்தேன். குறுக்கே அதே வெட்டுத் தழும்பு. உன்னையே பார்த்ததுபோல் சிரித்துவிட்டேன். மாமா கம்பெனியிடம் சொல்லி ஊருக்கு அரிசியும் டின் மீனும் கொடுக்க வைத்தாரே, அன்று வாங்கியதற்கு ஊரே ரேகை வைத்த தாள் அது. அதன்மேல் நாம் யாரும் பார்க்காத தாள் ஒன்றைச் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள்: 'எங்கள் மழைக்காட்டையும் சாகோப்பனைச் சதுப்பையும் சுரங்கத்துக்குச் சம்மதித்துத் தருகிறோம்.'

பக்கத்து மேசை ஹிதோலோ சிரித்தாள். "ஒங்க மாமாதான் இந்தத் தாள்களக் கையோட கொண்டாந்து குடுத்தாரு. இல்லேன்னா ஒனக்கு இந்த நாற்காலி ஏதுடி?"

நீ கவலைப்படாதே. கொஞ்சம் நம் ஊர்ப் பாக்கு அனுப்பு. இங்கே விற்பது சப்பென்று இருக்கிறது. நீ பின்னிய பையிலேயே போட்டு அனுப்பு. தபால் எடுப்பவர் வாசலில் நிற்கிறார்.

உன் மகள்,
மைரோ

மாமா, எப்போதும்போல இதையும் அம்மாவுக்கு நீங்கள்தான் படித்துக் காட்டுவீர்கள். அந்தத் தாளைத்தான் படித்துக் காட்டவில்லை. இதையாவது ஒரு வரி விடாமல், அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டே படியுங்கள்.