வராத கங்காரு

அன்பு மகள் பிரான்வினுக்கு அம்மா எழுதுவது. நீயும் இவானும் குட்டிப் பயலும், கோடை என்ற பெயரில் அங்கே ஆபர்டீனில் அடிக்கிற குளிரில் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். நாங்களும் இங்கே சுகம் என்று எழுதத்தான் விரல் போகிறது, பழக்க தோஷம், ஆனால் இந்த முறை பொய் எழுத மாட்டேன். பொய் சொல்ல நம் குடும்பத்தில் ஏற்கெனவே ஆள் போதும். போனில் கூப்பிட்டால் நீ குறுக்கே பேசுவாய், எனக்கு அழுகை வந்துவிடும், சொல்ல வந்தது பாதியில் நின்றுவிடும். அதனால் கார்னர்வன் ஆஸ்பத்திரியில் அப்பாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து டேப்லெட்டில் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன், பிழை இருந்தால் பொறுத்துக்கொள். பதறாதே, அப்பா உயிரோடு இருக்கிறார், தூங்குகிறார். அவர் இரண்டு தடவை நினைவு தப்பியது உனக்குத் தெரியும். ரேலீனுக்குத் தெரியும், மர்ரேவுக்குத் தெரியும். அவர் ஓட்டுகிற வண்டியில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து உன் பிள்ளைக்கு ஸ்வெட்டர் பின்னிக்கொண்டு வந்த எனக்குத்தான் தெரியாது.

ரேலீன் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை, நீ பிறந்தபோது எனக்கு முன்னால் உன்னைக் கையில் வாங்கியவள். பன்பரி வீட்டை விற்றுவிட்டு, வண்டிக்குப் பின்னால் மாட்டி இழுக்கிற கேரவனிலேயே காலம் தள்ளலாம் என்று நாங்கள் கிளம்பியதே அவளும் அவள் புருஷன் மர்ரேவும் கூட வருகிறார்கள் என்ற தைரியத்தில்தான். முன்னால் அவர்கள் வண்டி, பின்னால் எங்கள் வண்டி, சாயங்காலம் எங்கே நிறுத்துகிறோமோ அங்கே அவரவர் மடக்கு நாற்காலி, அவரவர் குடிக்கிறது, நடுவில் ஒரு தட்டில் சீஸ். எங்கள் வயசில் அந்த நாற்காலி வட்டத்தில் பேச்சு என்னவாக இருக்கும், மூட்டு, பிரஷர், சர்க்கரை, யாருக்கு எத்தனை மாத்திரை. மர்ரேவின் மலச்சிக்கல் வரைக்கும் எனக்குத் தெரியும், அவன் பைபாஸ் தழும்பைச் சட்டையைத் தூக்கிக் காட்டாத ஊர் கிடையாது. இப்படி ஒளிவு மறைவே இல்லாத கூட்டத்தில் ஒரே ஒரு சங்கதியை மட்டும் முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற மாதிரி மறைத்தார்கள் பார், அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. கால்பாரியில் நாங்கள் தங்கிய முகாமில் குளியலறை வாசலில் அப்பா கண் சொருகி விழுந்திருக்கிறார், மர்ரேதான் தூக்கி உட்கார வைத்திருக்கிறான். என்னிடம் வந்து சோப்பு வழுக்கியது என்றார், நானும் முழங்கைக்கு மருந்து போட்டுவிட்டேன். நாலு நாள் கழித்து நெடுஞ்சாலையில் இடது சக்கரம் சரளையில் இறங்கி, பின்னால் கேரவன் வாலை ஆட்டுகிற மாதிரி ஆடி, எப்படியோ நின்றது. என்ன ராஸ் என்று கத்தினேன். கங்காரு குறுக்க வந்துச்சு, நீ பின்னிக்கிட்டே இருந்தா எப்படிப் பார்ப்பே என்று என் மேலேயே பாய்ந்தார். நானும் ஐயோ பார்க்காமல் விட்டேனே என்று மன்னிப்புக் கேட்டேன், பிரான்வின்! அன்று சாயங்காலம் அந்தக் கதையை நானே கை கால் ஆட்டிச் சொன்னேன், கங்காருவின் உயரம் வரைக்கும் சொன்னேன். ரேலீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கங்காருவே வரவில்லை என்று அப்போதே அவளுக்குத் தெரியும்.

எப்படி வெளியே வந்தது தெரியுமா, எங்கள் இரண்டு வண்டிக்கும் ஒரு ரேடியோ இருக்கிறதல்லவா, எதிரே பெரிய லாரி வந்தால் முன்னால் போகிறவர்கள் எச்சரிக்கை சொல்ல. கையில் பிடித்துப் பேசுகிற அந்த மைக்கில் பொத்தானை அழுத்தினால்தான் பேச்சு போகும், ஒருவர் அழுத்திக்கொண்டிருந்தால் மற்றவர் குறுக்கே பேச முடியாது, கேட்கத்தான் முடியும். நேற்றுக் காலை கார்னர்வனுக்கு வருகிற வழியில் ரேலீன் மைக்கை சீட்டில் போட்டு அதன் மேல் இஞ்சி பிஸ்கட் டப்பாவை வைத்துவிட்டாள். திடீரென்று எங்கள் வண்டிக்குள் அவர்கள் இருவர் குரல். மர்ரே, எத்தனை நாளைக்கு இப்படி மூடி வெக்கிறது, எனக்கு கிளெனிஸ் மூஞ்சியப் பார்க்கவே கூசுது என்கிறாள் ரேலீன். அவன், நீ சும்மா இரு, ராஸ் மயங்கி விழுறான்னு தெரிஞ்சா அவ நேரா டாக்டர்கிட்ட இழுத்துட்டுப் போவா, டாக்டர் லைசென்ஸப் புடுங்கிடுவான், அப்புறம் அந்த வண்டிய யார் ஓட்டுறது, கிளெனிஸா, ரிவர்ஸ் எடுக்கறப்ப பின்னால நின்னு கை காட்டுவா, அதையும் தப்பாத்தான் காட்டுவா என்றான். இவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, அதுவும் சரிதான், உன் நெஞ்சு இருக்கற லட்சணத்துக்கு நாம ரெண்டு பேரு தனியா வடக்கே புரூம் வரைக்கும் எப்படிப் போறது, பெத்த பொண்ணு நர்ஸு, பிரான்வினே தெரிஞ்சும் அம்மாகிட்ட வாயத் தொறக்கல, நமக்கென்ன வந்துச்சு என்றாள். அப்பா ரேடியோவை அணைக்கக் கையை நீட்டினார், நான் அந்தக் கையை ஓங்கி அடித்தேன். அடுத்தவங்க பேச்ச ஒட்டுக் கேக்கறது தப்பு கிளெனிஸ் என்றார் மகா யோக்கியர். நிறுத்து என்றேன், அடுத்த ஒதுங்குமிடத்தில் நிறுத்தினார்.

அவர்களும் நிறுத்திவிட்டு ஓடி வந்தார்கள், வண்டி ஏதோ பழுது என்று நினைத்து. உன் டப்பாவை மைக்கு மேலேர்ந்து எடு ரேலீன் என்று மட்டும் சொன்னேன். அவள் முகத்தில் ரத்தமே இல்லை. எல்லாம் உன் நல்லதுக்குத்தாண்டி, நீ பயந்துடுவேன்னுதாண்டி என்று கையைப் பிடித்தாள். உதறிவிட்டேன். என் நல்லதுக்கா, மயங்கி விழுகிறவன் கையில் மூன்று டன் கேரவனைக் கொடுத்து என்னைப் பக்கத்தில் உட்கார வைத்தது என் நல்லதுக்கா? எதிரே வரும் லாரிக்காரனுக்கும் பெண்டாட்டி பிள்ளை இருக்காதா? கூடவே இருந்து குழி பறிப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறேன், அவளே பறிப்பாள் என்று நினைக்கவில்லை. தள்ளு ராஸ், நான் ஓட்டறேன் என்றேன். நீயா, கேரவனோடயா என்று அப்பா சிரிக்கப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கிச் சுற்றி வந்து உட்கார்ந்தார். பிரான்வின், நான் ஓட்டினேன். உள்ளங்கை வேர்த்து ஸ்டியரிங் வழுக்கியது, நாலு பெட்டி கோத்த லாரி தாண்டும்போது காற்று கேரவனை இழுத்தது, வாய்விட்டு அழுதுகொண்டே ஓட்டினேன். பின்னால் வந்த கார்களெல்லாம் ஹாரன் அடித்தன, அடிக்கட்டும். அப்பா ஜன்னல் பக்கம் திரும்பியே வந்தார். உனக்குப் போன் செய்து கேட்டதையும், நீ டாக்டரைப் பார் என்று திட்டியதையும், அம்மாவிடம் சொல்லாதே என்று உன்னிடம் சத்தியம் வாங்கியதையும் அப்போதுதான் சொன்னார். சத்தியமாம் சத்தியம்! உன் வார்டில் முன்பின் தெரியாத ஒருவன் மயங்கி விழுந்தால் முதலில் அவன் வீட்டுக்காரியைத்தானே கூப்பிடுவாய்? நான் யார் உனக்கு? ரேலீன் செய்ததற்குக் கோபம் வருகிறது, நீ செய்தது வலிக்கிறது, இரண்டும் வேறு.

இங்கே டாக்டர் ஒரு சின்னப் பெண், பொறுமைசாலி. வெயில்ல நின்னா லேசா தலை சுத்தும், அவ்வளவுதான் என்று அப்பா பல்லைக் காட்டினார். நான் கால்பாரியையும் சொன்னேன், சரளையையும் சொன்னேன், ஓட்டும்போதுதான் நினைவு தப்பியது என்று அழுத்திச் சொன்னேன். மார்பில் ஒயர் ஒட்டிப் பார்த்ததில் இதயம் நடுநடுவே துடிக்க மறந்துவிடுகிறதாம். பெர்த்துக்கு விமானத்தில் கொண்டுபோய் பேஸ்மேக்கர் வைக்க வேண்டும், அதற்கு முன்னால் வண்டியைத் தொடவே கூடாது, பிறகும் அவர்கள் அனுமதி கொடுத்தால்தான். டாக்டர் வெளியே போனதும் அப்பா என்னைப் பார்த்த பார்வையை நான் சாகிற வரைக்கும் மறக்க மாட்டேன். வீட்டையும் வித்தாச்சு, எனக்குன்னு மிச்சம் இருந்தது அந்த ஸ்டியரிங் ஒண்ணுதான், அதையும் காட்டிக் குடுத்துட்டியே, மத்தவங்க எல்லாரும் எனக்காக வாய மூடிக்கிட்டு இருந்தாங்க, நீ ஒருத்திதான் துரோகம் பண்ணிட்டே என்றார். கேட்டாயா, நான் துரோகியாம்! இருந்துவிட்டுப் போகிறேன், திட்டுவதற்காவது ஆள் வேண்டுமே என்று சொல்லிவிட்டுக் கழிவறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அதிலிருந்து சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தவர்தான், ஒரு வார்த்தை பேசவில்லை. ரேலீன் காலையில் சூப் கொண்டுவந்தாள், அவள் முட்டி வேறு வீங்கியிருந்தது, படியில் ஏற முடியாமல் ஏறி வந்தாள். வாங்கி வைத்தேன், உட்காரச் சொல்லவில்லை. அவர்கள் நாளைக்கு வேறு யாரோ கூட்டத்தோடு சேர்ந்து வடக்கே போகிறார்களாம். போகட்டும்.

இன்று மத்தியானம் டீ வந்தது. வாங்குவதற்கு இந்தப் பக்கம் திரும்பினார், என்னோடு பேசப்போகிறார் என்று நினைத்தேன், கோப்பை நழுவியது, கண் மேலே சொருகியது, மார்பு ஒயரை மாட்டியிருந்த பெட்டி கீச்சென்று கத்தியது. நீங்கள் எல்லோரும் பார்த்ததையும் கேட்டதையும் முதல் தடவையாக நானும் பார்த்தேன், கண்ணு. நர்ஸுகள் ஓடி வந்தார்கள், என்னைத் தள்ளி நிறுத்தினார்கள். ராஸ் ராஸ் என்று கத்தினேன், எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு கண் திறந்தார். சுற்றிலும் தேடி என்னைக் கண்டுபிடித்து, கையை நீட்டினார், ஓடிப்போய்ப் பிடித்துக்கொண்டேன். நேற்றிலிருந்து பேசாதவர் முதலில் பேசியது என்ன தெரியுமா? பிரான்வின்கிட்ட சொல்லிடாதே கிளெனிஸ், பிள்ளையும் கையுமா இருக்கா, பயந்துடுவா என்றார். சொல்ல மாட்டேன், நீ தூங்கு என்றேன். சத்தியமா என்றார். சத்தியமா என்றேன். என் கையைப் பிடித்தபடியே தூங்கிப்போனார். தூங்கியதும் கையை மெல்ல உருவிக்கொண்டு இதை எழுத ஆரம்பித்தேன்.

நாளைக் காலை விமானம், நானும் கூடப் போகிறேன். லீவு கிடைத்தால் புறப்பட்டு வா, கிடைக்காவிட்டாலும் வா. உன் மேல் கோபம் இன்னும் ஆறவில்லை, அது ஒரு பக்கம் இருக்கட்டும், நீ வா. இவானுக்கு என் ஆசிகள், குட்டிப் பயலுக்கு நூறு முத்தம், நீங்கள் மூவரும் நோய் நொடி இல்லாமல் நீண்ட நாள் வாழ வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. விமானம் ஏறுவதற்கு முன்னால் அப்பாவை நீ கூப்பிடுவாய், எனக்கு ஒன்றுமில்லை, நன்றாக இருக்கிறேன் என்பார். சரி அப்பா என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி சொல். உனக்குத்தான் அது நன்றாக வருமே.

இப்படிக்கு,
உன் அம்மா
கிளெனிஸ்