நிரப்பாத இரண்டு கட்டங்கள்

ஹான்காக், மிச்சிகன்
ஏப்ரல் 14

அன்பு மகள் ஜனெலுக்கு,

ரெய்னோ எழுதுகிறேன். நீ அனுப்பிய தடித்த உறை சனிக்கிழமை வந்து சேர்ந்தது. ஈரம் படாமலிருக்கப் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பியிருந்தாய், நன்றி. போனிலேயே பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் நான் பேசி முடித்த பிறகுதான் யோசிக்கிறவன். எழுதினால் அடித்துத் திருத்தலாம். இது மூன்றாவது பிரதி.

இங்கே பனி இன்னும் போகவில்லை. வீட்டின் வடக்குப் பக்கத்தில் ஜன்னல் உயரத்துக்குக் கிடக்கிறது. சவுனா நீராவிக் குளியல் அறையின் கூரை தாங்காது என்று பயந்து, பக்கத்து வீட்டு மிலனைக் கூப்பிட்டேன். அவனுக்கே எழுபத்து நான்கு வயது. அவன் ஏணியில் ஏறினான், நான் கீழே பிடித்துக்கொண்டேன். "ஏணியைப் பிடிக்கிறியா, இல்ல எனக்காக ஜெபம் பண்றியா?" என்று மேலிருந்து கத்தினான். இறங்கி வந்து காப்பி குடிக்கும்போது உன்னைப் பற்றிக் கேட்டான். "உன் மருமக டாக்டருக்குப் படிக்கப் போகுதாமே?" என்றான். டாக்டர் இல்லை, துணை மருத்துவர். டாக்டருடைய பொறுப்பில் நோயாளிகளைப் பார்ப்பார்கள், மருந்து எழுதுவார்கள் என்று விளக்கினேன். "அப்போ வேலை பூரா இவங்க, பேரு மட்டும் அவருக்கா? எங்க வீட்டுக் குடித்தனம் மாதிரியே இருக்கே" என்றான்.

உன் விஷயத்துக்கு வருகிறேன். நான் சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்க்க, நீ எழுதியதையே திருப்பி எழுதுகிறேன். விண்ணப்பத் தளம் இந்த மாதக் கடைசியில் திறக்கிறது. நீ விரும்பும் துணை மருத்துவப் பள்ளியில் வகுப்பு ஜனவரியில் தொடங்கும். சேருவதற்கு முன் முடித்திருக்க வேண்டிய பாடங்களில் உனக்கு உயிர்வேதியியலும் புள்ளியியலும் பாக்கி. ஒன்றைக் கோடையிலும் மற்றதை இலையுதிர் பருவத்திலும் முடிக்கலாம் என்கிறாய். அவர்கள் விண்ணப்பங்களை வர வரப் படித்து, வர வரக் கூப்பிடுகிறார்கள். எல்லாவற்றையும் முடித்துவிட்டு அனுப்பலாமென்றால் இந்த வருடம் இடமிருக்காது. அடுத்த வருடம் அனுப்பலாமென்றால், நீ படித்த உடற்கூற்றியலுக்குப் பத்து வருடம் தாண்டிவிடும். அது செல்லாது. மறுபடி முதலிலிருந்து படிக்க வேண்டும்.

இரண்டு பாடம் வரை பாக்கி இருக்கலாம் என்ற விதியை மஞ்சள் மையால் கோடிட்டு அனுப்பியிருக்கிறாய். பார்த்தேன். ஆனால் விதி இடம் கொடுப்பது வேறு, எடுத்துப் படிக்கிறவர் மனம் இடம் கொடுப்பது வேறு. முப்பத்தொரு வருடம் பத்திரப் பதிவு அலுவலகத்தில் இருந்தவன் நான். ஒரு கட்டம் காலியாக இருக்கும் பத்திரத்தை யாரும் நிராகரிக்க மாட்டார்கள். அடியில் வைப்பார்கள். அடியில் போனது அடியிலேயே கிடக்கும். உன் தாள்களில் மதிப்பெண் இருக்க வேண்டிய இரண்டு கட்டங்கள் காலியாக இருக்கின்றன.

ஆகவே, காத்திரு என்பதே என் யோசனை. உடற்கூற்றியலைத் திரும்பப் படிப்பது உனக்குக் கஷ்டமில்லை. ஒரு வருடம் ஒன்றும் பெரிதல்ல.

இந்த வரியை எழுதிவிட்டுச் சற்று எழுந்து போனேன். பின்வாசலில் யாரோ பூட்ஸிலிருந்து பனியைத் தட்டுவது போலிருந்தது, மூன்று முறை. போய்ப் பார்த்தால் யாருமில்லை. வயதாகிறது.

ஆஸ்பத்திரியில் நின்றுகொண்டே சாப்பிடாதே. உன் கிரீன் பே ஊரில் குளிர் குறைந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

என்றும் உன் நலம் நாடும்,
ரெய்னோ

*

ஹான்காக்
மே 2

அன்பு மகள் ஜனெலுக்கு,

என் போன கடிதத்தை வைத்திருந்தால் கிழித்துப் போட்டுவிடு. அதற்குப் பதில் இது.

ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டாய். "சரி, அடுத்த வருஷமே போடறேன். நீங்க சொன்னா யோசிக்காம சொல்ல மாட்டீங்க" என்றாய். பிறகு கொஞ்சம் சிரித்து, "நீலோ எனக்காக ஒரு வருஷம் காத்திருந்தான். நான் மட்டும் ஏன் பறக்கணும்?" என்றாய். நான் 'ம்' என்று சொல்லிவிட்டுப் பனி உருகுவதைப் பற்றிப் பேசினேன். லைன் சரியில்லை என்று நீ நினைத்திருப்பாய். லைன் நன்றாகத்தான் இருந்தது. நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன்.

நீலோ உனக்காகக் காத்திருக்கவில்லை, ஜனெல். என் மகனைக் காத்திருக்கச் சொன்னது நான்.

வரிசையாகச் சொல்கிறேன்; வேறு விதமாகச் சொல்ல எனக்கு வராது. ஆறு வருடத்துக்கு முன், இதே மே மாதம். உனக்கு அப்போது ஐந்து பாடம் பாக்கி, அவனுக்கு ஒன்றே ஒன்று, நுண்ணுயிரியல். ஆம்புலன்ஸில் அவன் வேலை செய்த மணி நேரம் அதே பள்ளி கேட்டதற்கு மேலேயே இருந்தது. விண்ணப்பத்தை முழுக்கத் தயார் செய்து அச்செடுத்து எடுத்து வந்தான். "நீங்க ஒரு தடவை பாத்துட்டா எனக்கு நிம்மதிப்பா" என்றான். பள்ளியின் விதிகளை நான் தனியாக அச்செடுத்து வைத்திருந்தேன், நான்கு பக்கம். நான்காவது பக்கத்தின் அடியில் வாக்கியம் முடிந்து முற்றுப்புள்ளி இருந்தது. அதோடு முடிந்தது என்று நினைத்தேன்.

முடிக்காத பாடத்தோடு அனுப்பக் கூடாது என்று சொன்னேன். "எல்லாரும் அனுப்பறாங்கப்பா, அனுமதி இருக்கு" என்றான். 'எல்லாரும்' என்பது விதி இல்லை, எழுத்தில் காட்டு என்றேன். அவனுக்கு அப்போது வேலைக்குப் போகிற நேரம். கோட்டைப் போட்டுக்கொண்டே சிரித்தான். "அந்த ஆபீஸைப் பூட்டினாலும் எங்கப்பாவைப் பூட்ட முடியாது" என்றான். என் முகம் எப்படி இருந்ததோ தெரியவில்லை. தாள்களை மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு, "சரிப்பா. எப்படியும் ஜனெலுக்கு இன்னும் பாடம் இருக்கு. ரெண்டு பேரும் சேர்ந்தே போட்டுக்கறோம்" என்றான். அதை உன்னை நினைத்துச் சொல்லவில்லை. நான் சங்கடப்படக் கூடாது என்று சொன்னான். பிறகு உன்னிடமும் அதையே சொல்லியிருக்கிறான், என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அவன் சேர்ந்திருக்கக்கூடிய வகுப்பு ஜனவரி 6ஆம் தேதி தொடங்கியது. இங்கிருந்து ஒன்பது மணி நேரப் பயணத்தில் இருக்கிறது அந்த ஊர். பிப்ரவரி 9ஆம் தேதி காலை, பனிவண்டி கவிழ்ந்து காலொடிந்த ஒருவரைக் கூட்டி வர நீலோவின் ஆம்புலன்ஸ் கிளம்பியது. ஆற்றுப் பாலத்தருகே இருக்கும் வளைவில் அது சறுக்கியது உனக்கே தெரியும். நடுவில் முப்பத்து நான்கு நாட்கள். நான் எண்ணவேண்டுமென்று எண்ணவில்லை.

அவனுக்கு இடம் கிடைத்திருக்கும் என்று என்ன நிச்சயம் என்றும் எனக்குள் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நூற்றுக்கணக்கானவர்கள் கேட்டு நாற்பது பேருக்குக் கிடைக்கும் இடம். சில நாள் அந்த எண்ணம் உதவும். பல நாள் உதவாது.

அடக்கம் முடிந்த பிறகு தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் காப்பி கொடுத்தார்கள். நீ என் பக்கத்தில் நின்று, யாரிடமும் என்றில்லாமல், "நான் சீக்கிரம் முடிச்சிருந்தா அவன் இங்க இருந்திருக்க மாட்டான்" என்றாய். அது என் காதில் விழுந்தது. கேட்டுவிட்டு என் காப்பியில் சர்க்கரை போட்டுக் கலக்கினேன். எனக்குச் சர்க்கரை போடும் பழக்கம் கிடையாது. அன்றைக்கே உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் விதிகள் என் பக்கம்தான் என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன். அந்த நம்பிக்கையும் ஜூன் வரைக்கும்தான். அவனுடைய மேசையை நான் ஒழித்தபோது அவனுடைய அச்சுப்பிரதி கிடைத்தது. அதில் ஐந்தாம் பக்கம் இருந்தது. இரண்டு பாடம் வரை பாக்கி இருக்கலாம் என்ற வரி அந்தப் பக்கத்தின் உச்சியில் இருந்தது. நீ மஞ்சள் மையால் கோடிட்டது அதே வரி.

அன்றிலிருந்து எந்தத் தாளையும் பின்னால் திருப்பிப் பார்க்காமல் கீழே வைக்க என்னால் முடிவதில்லை. மின்சார பில், தேவாலயத்து அறிவிப்பு, ஓட்ஸ் கஞ்சிப் பெட்டி எல்லாவற்றையும் திருப்புவேன். "மெனு அட்டைக்குப் பின்னாடி என்ன பேயா உக்காந்திருக்கு?" என்று ஹோட்டலில் எல்லார் முன்னாலும் மிலன் கேட்டான். அவன் தமாஷுக்குத்தான் கேட்டான். போன கடிதத்தில் பூட்ஸ் சத்தம் கேட்டது என்று எழுதினேனே, அதுவும் வயதினால் அல்ல. ஐந்து வருடமாகக் கேட்கிறது. பனியே இல்லாத ஜூலையிலும் கேட்கிறது. மூன்று முறை தட்டிவிட்டுத்தான் அவன் உள்ளே வருவான். மூன்றாவது தட்டுக்குப் பிறகு கதவு திறக்கிறதா என்று ஒவ்வொரு முறையும் காத்துக்கொண்டிருக்கிறேன்.

இத்தனையும் தெரிந்துதான் உனக்குக் 'காத்திரு' என்று எழுதினேன். அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. முதல் முறை ஐந்தாம் பக்கம் இருப்பது தெரியாமல் சொன்னது. இந்த முறை உன் மஞ்சள் கோட்டின் மேல் விரலை வைத்துக்கொண்டு சொன்னேன். 'அனுப்பு' என்றால், இந்த விதி எனக்கு எப்போது தெரிந்தது என்ற பேச்சு வரும் என்று பயந்தேன். அது வந்தால் ஞாயிற்றுக்கிழமை போன் நின்றுவிடும் என்றும் பயந்தேன். எனக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. அதற்காக உன் ஒரு வருடத்தைப் பிடித்து வைக்கப் பார்த்தேன்.

நேற்று அந்தப் பள்ளிக்குப் போன் செய்தேன். முப்பத்தைந்து நிமிடம் பாட்டுப் போட்டார்கள். பிறகு ஒரு பெண் எடுத்து, "விண்ணப்பிக்கறது நீங்களா சார்?" என்றாள். எனக்கு எழுபத்தேழு வயதம்மா என்றேன். "அதனால என்ன, எங்ககிட்ட வயசு வரம்பு கிடையாதே" என்றாள். நல்ல பெண். நான் எழுதி வைத்திருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்டேன். பாக்கிப் பாடத்தோடு வரும் விண்ணப்பத்தை அடியில் வைப்பீர்களா என்று கேட்டதற்கு, "பாதிப் பேர் அப்படித்தான் சார் போடறாங்க. எப்ப முடிப்பீங்கன்னு தெளிவா எழுதியிருந்தா போதும். தாமதமா வர்றதுதான் அடியில போகும்" என்றாள். டிசம்பருக்குள் இரண்டும் முடிந்திருக்க வேண்டும். உன் உடற்கூற்றியல் இந்த வருடம் அனுப்பினால் செல்லும். இதை அவளிடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்தேன். விதிகள் இப்போது பதினோரு பக்கம். எல்லாப் பக்கத்தையும் படித்தேன்.

நான் இப்போது 'அனுப்பு' என்பது உனக்காகவா, என் மனச்சுமைக்காகவா என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அதனால் என் யோசனையாக எதையும் எடுத்துக்கொள்ளாதே. அந்தப் பெண் சொன்னதை எடுத்துக்கொள். உனக்கு இடம் கிடைக்கும் என்று சொல்லவும் எனக்குத் தகுதியில்லை. கிடைக்காமலும் போகலாம். ஆனால் கேட்காமல் நின்றுவிடாதே. எதற்காகவும் நிற்காதே, முக்கியமாக நீலோவுக்குப் பட்ட கடன் என்று நினைத்து. அப்படி ஒரு கடன் உனக்குக் கிடையாது. ஐந்து வருடமாக நீ சுமந்தது என்னுடையது.

உன் தாள்களை இதோடு திருப்பி அனுப்பியிருக்கிறேன். ஒரு இடத்திலும் பென்சில் வைக்கவில்லை. தேர்ந்த கையால் நிரப்பியிருக்கிறாய். அவனும் அப்படித்தான் நிரப்பியிருந்தான். அதை அவனிடம் நான் சொல்லவில்லை.

கோபம் வந்தால் அடக்கிக்கொள்ளாதே. கூப்பிட்டுத் திட்டினாலும் கேட்டுக்கொள்வேன், கூப்பிடாமல் இருந்தாலும் ஏன் என்று கேட்க மாட்டேன். ஒன்று மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். இந்த முறை எனக்குக் காட்டிவிட்டு அனுப்பலாம் என்று வைத்திருக்காதே. யாருக்கும் காட்டாதே. இந்தக் கடிதத்தை மடித்து வைக்கும் முன் அனுப்பிவிடு, மகளே. நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் மாமனார் என்று எழுதிக்கொள்ள இன்னும் அனுமதி உண்டானால், அப்படியே,
ரெய்னோ