ஜோவனின் லண்டன் நித்திரை

ஒக்டோபர் 18, சனி

இந்தக் கொப்பி யார் கையில் கிடைத்தாலும் தயவுசெய்து மூடிவிடுங்கள். அப்பாவிடம் காட்ட வேண்டாம். உங்களைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

குளியலறையில் இருந்து எழுதுகிறேன். வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட்டில் தாழ்ப்பாள் உள்ள அறை இது ஒன்றுதான். அம்மா கட்டாரில் வேலை.

தாரிகா அக்கா லண்டன் கம்பனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறாள். பகலில் தட்டச்சு. அங்கே மாலை நாலு முதல் ஐந்து வரை மட்டும் தொலைபேசி. இங்கே அது இரவு எட்டரை முதல் ஒன்பதரை. அவளுடைய பத்து மாத மகன் ஜோவன் எட்டுக்கு நித்திரையாகி, பத்துக்கு எழும்பிப் பால் குடித்து, ஒரு மணித்தியாலம் கத்தி விளையாடிவிட்டுத்தான் திரும்பப் படுப்பான். ஒரேயொரு நாளைத் தவிர இதுவரை சரியாக இருந்தது.

அடுத்த ஞாயிறு, குளிர்காலத்துக்காக லண்டனில் நேரத்தை மாற்றுகிறார்களாம். ஒரு நாடே சேர்ந்து மணிக்கூட்டைத் திருப்புமா?

போன மாதம் லைனில் ஜோவன் அழுதது கேட்டுவிட்டது. அக்காவின் மேலதிகாரி சந்திரகுமார் சொன்னாராம்: "இன்னொருக்கா வீட்டுச் சத்தம் கேட்டா நான் ஒண்டும் செய்யேலாது, தங்கச்சி."

அப்பா சொன்னது: "வேலை இருக்கும்வரை இங்க இரு. இல்லாட்டி ஸ்ரான்லியோட போய் ஒழுங்கா குடும்பம் நடத்து."

ஸ்ரான்லி அத்தான் கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அக்காவின் இடது மணிக்கட்டு இப்போதும் முழுதாக மடங்காது. களுபோவில ஆஸ்பத்திரியில், படியில் விழுந்தது என்று சொன்னோம். நானும் சொன்னேன்.

ஒக்டோபர் 19

பிள்ளையின் நித்திரையை ஒரேயடியாக மாற்றக் கூடாதாம். நாளுக்குப் பத்து நிமிடமாக நகர்த்த வேண்டும் என்று அக்கா இணையத்தில் வாசித்தாள். "நீ கணக்குக்காரி. நீயே அட்டவணை போடு" என்றாள்.

போட்டேன். லண்டனில் ஒரு மணித்தியாலம் குறைக்கிறார்கள். நானும் ஒரு மணித்தியாலம் குறைத்தேன். எட்டரை லைன் ஏழரை ஆகும். ஜோவன் ஏழுக்கு நித்திரையாக வேண்டும்.

ஒக்டோபர் 22

7.20. விளக்கை அணைத்து, மின்விசிறியைக் கூட்டி, காதோரம் தடவினேன். படுத்தான்.

ஒக்டோபர் 25

ஏழுக்கு நித்திரை. ஒன்பதுக்கு எழும்புகிறான். அக்கா என் தலையைத் தடவி, "கெட்டிக்காரி" என்றாள்.

ஒக்டோபர் 27, திங்கள்

பிழை. எல்லாம் பிழை.

ஏழரைக்கு அக்கா ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு இருந்தாள். லைன் திறக்கவில்லை. சந்திரகுமாருக்குப் போன் எடுத்தாள். அவர் சிரித்தது எனக்கே கேட்டது. "இனி ஒன்பதரைக்கு வாங்கோ தங்கச்சி. அவங்கட மணிக்கூடு குறைஞ்சா எங்களுக்குப் பிந்தும்."

பிந்தும். நான் ஏன் இதை யோசிக்கவில்லை? எங்கள் மணிக்கூட்டை யாரும் தொடவில்லையே.

ஒன்பதுக்கு அவன் எழும்பிவிட்டான். ஒன்பதரைக்கு முன்னமே அவனைத் தூக்கிக்கொண்டு படியில் போய் இருந்தேன். அவன் கத்தினான். படிக்கட்டு முழுக்க எதிரொலித்தது. இரண்டாம் மாடி ஷஸ்னா அன்ரி கதவைத் திறந்தார்.

"என்னத்துக்கு புள்ள படியில ஈக்கிற? ஊட்டுல சண்டையா?"

"இல்ல அன்ரி. அக்கா வேலை செய்யிறா."

"அப்ப உள்ளுக்கு வாங்க. இந்தச் சின்னவருக்குக் கோபம் வந்தா எங்கட கோழிக் கடையில வெட்டுற சத்தம் மாதிரி ஈக்கே!"

ஜோவன் சிரித்தான். நான் சிரித்தேனா என்று தெரியவில்லை.

ஒக்டோபர் 28

இனி மற்றப் பக்கம், ஏழிலிருந்து ஒன்பதுக்கு நகர்த்த வேண்டும். நாளுக்குக் கால் மணித்தியாலம். அதுவரை ஒவ்வொரு இரவும் ஷஸ்னா அன்ரி வீடு. அப்பா கடை பூட்டிப் பதினொன்றுக்குத்தான் வருவார்.

ஒக்டோபர் 30

7.45. பயம் கூட இப்போது வருவதில்லை. ஒன்பதேகாலுக்கே நித்திரையோடு அவனை அன்ரி வீட்டுக்குத் தூக்கிப்போகிறேன்.

ஒக்டோபர் 31, வெள்ளி

மழை. அப்பா பத்துக்கே வந்துவிட்டார். தொட்டில் வெறுமையாக இருந்தது.

"பிள்ளை எங்கயடி? எங்க பிள்ளை?"

இரண்டாம் மாடியில் எங்களுக்கே கேட்டது. லைனிலும் கேட்டிருக்கும்.

நவம்பர் 1

சந்திரகுமார் காலையில் போன் எடுத்தார். அக்கா "ஓம் சேர், ஓம் சேர்" என்று மட்டும் சொன்னாள். பிறகு ஹெட்ஃபோனைத் துடைத்துப் பெட்டியில் வைத்தாள். வேலை போய்விட்டது.

மத்தியானம் அப்பா கொட்டாஞ்சேனைக்குப் போன் எடுத்து ஸ்ரான்லி அத்தானோடு கதைத்தார்.

நவம்பர் 2, ஞாயிறு

அக்கா உடுப்பு மடித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். நான்தான் கணக்கைத் தலைகீழாகப் போட்டேன், அதனால்தான் அவனை வெளியே கொண்டுபோக வேண்டி வந்தது என்று.

அவள் மடிப்பதை நிறுத்தவில்லை. "நானும் அதைப் பாத்தனான்தானே. எனக்கும் சரியெண்டுதான் பட்டது."

"அக்கா, போகாத."

"மெல்லக் கதை. அப்பாவுக்கு நீ ஒண்டும் சொல்லாத. உனக்குப் பள்ளிக்கூடச் சோதனை வருது."

அவ்வளவுதான். நான் அழவில்லை. அவளும் அழவில்லை. சின்னச் சட்டைகள் பதினொன்று இருந்தன.

அத்தான் துறைமுக வேலை முடிந்து, அவர்களைக் கூட்டிப்போக ஒன்பதுக்கு வருவாராம். இப்போது எட்டு ஐம்பது. ஜோவன் எட்டரைக்கு நித்திரையானான். அட்டவணைப்படி இன்னும் அரை மணித்தியாலம் நகர்த்த இருக்கிறது. ஆனால் இப்போதுதான் எண்ணிப் பார்த்தேன் — எட்டரைக்குப் படுத்தால் பத்தரைக்கு எழும்புவான். லைன் இருந்திருந்தால் பத்தரைக்கு முடிந்துவிடும். இன்றிரவுக்கு இதுவே போதும். இன்றைக்குச் சரியாக

முன்கதவைத் தட்டுகிறார்கள்