துரைக்கு மீட்டிங்

புதன்கிழமை. மழை விடவில்லை.

அப்பாவை நினைத்தாலே பற்றிக்கொண்டு வருகிறது. தேயிலைத் தோட்ட வேலையை விட்டு தானா ராத்தா டவுனுக்குக் குடிவந்து எத்தனையோ வருஷம் ஆகியும், எந்த வெள்ளைக்காரரைப் பார்த்தாலும் அவருக்குத் துரைதான். முன்னறையில் வாடகைக்கு இருப்பவரும் துரை. லேப்டாப்பில் வேலை பார்க்கிறார். நானும் என் அறையில் அதைத்தான் செய்கிறேன்.

இன்று துரை பேசத் தொடங்கியதும் அப்பா டிவியை அணைத்தார். நாயைக் கொல்லைக்கு இழுத்துப் போனார். "சத்தம் போடாத லா, துரைக்கு மீட்டிங்!" என்று அம்மாவை அதட்டினார்.

அடுத்து என் கதவைத் தட்டாமலே திறந்தார். சிங்கப்பூர் கம்பெனிக்காரர்கள் திரையில் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

"சும்மாதானே உக்காந்திருக்க? துரைக்குத் தேத்தண்ணி கலக்கிக் குடு."

கலக்கிக் கொடுத்தேன். அதுதான் இன்னும் எரிகிறது. துரை பேசுவதே நான் பணம் கட்டும் வைஃபையில்.

இப்போதுதான் பாஸ்வேர்டை மாற்றினேன். விடிந்ததும் துரை கேட்பார், அப்பா என்னிடம் வந்து நிற்பார். புது பாஸ்வேர்டை "என் மகளுக்கு மீட்டிங்" என்று வைத்திருக்கிறேன். துரையிடம் அதை அப்பாவே தன் வாயால் சொல்லட்டும்.