முகம் எழுதாத சட்டை

கூமாப்பட்டி,
22.1.2024

என் பேத்தி யோகேஸ்வரிக்கு அப்பத்தா வெள்ளத்தாய் எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, மாடு இரண்டும் சுகம். நீ நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்பதைப் பதிலில் முதல் வரியாக எழுது. கடைசி வரியில் எழுதினால் பொய் என்று எடுத்துக்கொள்வேன்.

போன் இருக்கக் கடிதம் எதற்கு என்று கேட்பாய். போன் உன் அம்மா கையில் இருக்கிறது. நான் சொல்லப்போவது அவள் காதில் விழக் கூடாது. அதோடு, ஐந்தாவது வரை படித்தவள் நான். ஒரு காலத்தில் இந்தத் தெருவுக்குப் பட்டாளத்துக் கடிதம் எது வந்தாலும் என்னிடம்தான் தூக்கிக்கொண்டு வருவார்கள். படித்துச் சொல்லி, பதிலும் நானே எழுதுவேன். கையெழுத்தைப் பார், இன்னும் கோணவில்லை.

பக்கத்து வீட்டுக் கருத்தம்மாள் நேற்றுக் கேட்கிறாள், "மதினி, ஒங்க பேத்தி மெட்ராஸ்ல பெயிண்டு அடிக்கப் படிக்காளாமே, எங்க வீட்டுக் கதவுக்கு ஒரு கோட்டு அடிச்சுத் தருவாளா?"

"தருவா. கதவுல ஒன் மொகத்த எழுதி வச்சிருவா. பொறவு எந்தத் திருடனும் உள்ள வரமாட்டான்" என்றேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். உன் அப்பன் பொங்கலுக்கு முந்தி பேசியதோடு சரி. "பனி விழுந்தா டவர் கெடைக்காதும்மா, பேசலேன்னா பயப்படாதீங்க" என்று சொல்லித்தான் மலைக் காவலுக்கு மேலே போனான். இருந்தாலும் டி.வி.யில் பனிமலையைக் காட்டினால் நான் எழுந்து போய்விடுகிறேன். இந்த நேரத்தில் நீ உன் அப்பனைப் பட்டாளச் சட்டையோடு ஆளுயரத்துக்குப் படம் எழுதப் போகிறாயாம், உன் அம்மா பெருமையாகச் சொல்கிறாள்.

வேண்டாம் தாயே. நம் ஊரில் அந்தச் சட்டையோடு ஒரு படம் எழுதுவதே பொட்டு வைத்து மாலை போடத்தான். நம் வீட்டுச் சுவரில் இரண்டு இருக்கிறதே, பார்த்துத்தானே வளர்ந்தாய். உன் தாத்தா படம் அவுக போன பிறகு ராஜபாளையத்தில் எழுதி வாங்கியது. சின்னத் தாத்தா சோலைராஜ் அப்படி இல்லை. உயிரோடு இருக்கும்போதே ஆசைப்பட்டு உட்கார்ந்து எழுதிக்கொண்டான். அடுத்த லீவுக்கு அவன் வரவில்லை.

வேறு யாரையாவது எழுது. கருத்தம்மாளை எழுது.

உன் அப்பத்தா,
வெள்ளத்தாய்


சென்னை,
29.1.2024

அன்பு அப்பத்தாவுக்கு,

சாப்பிடுகிறேன். இது முதல் வரி.

இங்கே எல்லாருக்கும் ஒரே வேலைதான் கொடுத்திருக்கிறார்கள். வீட்டு ஆள் ஒருவரை ஆளுயரத்தில் வரைய வேண்டும். ஏப்ரலில் பார்வைக்கு வைப்பார்கள், மார்க்கும் அதற்குத்தான். கூடப் படிக்கிறவர்கள் சின்ன வயதிலிருந்தே வகுப்புக்குப் போய்ப் பழகியவர்கள். நான் பள்ளிக்கூடச் சுவரில் திருவள்ளுவரை வரைந்துவிட்டு வந்தவள். வெள்ளைத் துணி முன்னால் நின்றால், யாரோ என்னைப் பார்த்து "நீ யாரு?" என்று கேட்கிற மாதிரி இருக்கிறது.

ஆனால் இங்கே வந்து ஒன்று கற்றுக்கொண்டேன் அப்பத்தா. நிழல் கறுப்பில்லை. வகுப்பு எடுக்கிற ஹெப்சிபா மேடம் சொன்னபோது நம்பவில்லை. பிறகு பிளவக்கல் அணைக்குப் பின்னால் சாயங்காலம் மலை எப்படி இருக்கும் என்று யோசித்தேன். நீலம்தான். இத்தனை வருஷம் பார்த்தும் பார்க்கவில்லை. அதேபோல் அப்பாவையும் பார்த்ததில்லை. லீவுக்கு வந்தால் முதல் பத்து நாள் விருந்தாளி மாதிரி இருப்பார். பேச்சுப் பழகும்போது பெட்டி கட்டிவிடுவார். அவர் தழும்பு எந்தப் புருவத்தில்? வலதா, இடதா? எனக்கு ஞாபகம் இல்லை. அது எனக்குப் பயமாக இருக்கிறது. அதனால்தான் அவரை வரைய வேண்டும்.

என் போனில் இருக்கிற போட்டோ எல்லாம் சின்னது. போன வருஷம் பங்குனிப் பொங்கலுக்கு பிளக்ஸ் அடித்தாரே, ராஜபாளையம் மாரிசெல்வம் அண்ணன், அவரிடம் அப்பாவின் யூனிபார்ம் படம் பெரிதாக இருக்கும். போன் போட்டுக் கேட்டிருக்கிறேன். பெயிண்டில் கலக்கிற டர்பன்டைன் வாடை பிடிக்காமல் எனக்குச் சளி. தொண்டை கட்டியதில் பாதி பேச்சு அவருக்குப் புரிந்ததா என்றே தெரியவில்லை.

அது வெறும் படம், அப்பத்தா. நிறமும் எண்ணெயும்தான். பயப்படாதே.

உன் பேத்தி,
யோகு


கூமாப்பட்டி,
3.2.2024

யோகு,

உன் அம்மா இப்போதுதான் எழுந்து உட்கார்ந்து கஞ்சி குடித்தாள். அதனால்தான் எனக்கு எழுதக் கை வந்தது.

வியாழக்கிழமை காலையில் மாரிசெல்வம் பைக்கில் வந்து இறங்கினான். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றான். நான் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தேன்.

"வாப்பா, என்ன சோலியா வந்த?"

"அண்ணன என்னைக்கு ஆச்சி கொண்டுவாராக?" என்றான்.

"எந்த அண்ணன?"

அவன் கொண்டுவந்த சுருளைப் பிரித்தான். உன் அப்பன், பட்டாளச் சட்டையில். தலைக்கு மேல் கறுப்பில் கண்ணீர் அஞ்சலி. பக்கத்தில் ஒரு விளக்கு எரிகிறது. கீழே தோற்றம், மறைவு என்று இரண்டு வரி, இரண்டுக்கும் நேரே இடம் காலி.

"தேதி மட்டும் தெரியல ஆச்சி, அதான் விட்டுட்டேன். மத்தது சரியா இருக்கான்னு பாத்துக்கிடுங்க. துட்டெல்லாம் வேணாம், நாட்டுக்காகப் போனவுக" என்கிறான்.

உன் அம்மா குடத்தோடு வெளியே வந்தவள் அதைப் பார்த்தாள். குடமும் அவளும் ஒன்றாக விழுந்தார்கள். கருத்தம்மாள் என்ன ஏது என்று கேட்காமலே மாரில் அடித்துக்கொண்டு வந்தாள். நான் மாரிசெல்வத்தின் சட்டையைப் பிடித்துவிட்டேன்.

"ஏலே, யாருலே ஒனக்குச் சொன்னது?"

"ஒங்க பேத்திதான் ஆச்சி. அப்பா படத்த மட்டும் தனியா வெட்டி, பின்னாடி ஒண்ணும் இல்லாம பெருசா அனுப்புங்கண்ணேன்னுச்சு. அவசரம்னுச்சு. அழுத கொரலு. அதுக்கு மேல நான் எப்பிடி வாயத் தொறந்து கேக்க?"

உனக்குச் சளி என்று எனக்குத் தெரியும். அவனுக்கு எப்படித் தெரியும்? நம் பக்கத்தில் பட்டாளத்துக்காரன் படத்தைத் தனியாக வெட்டிக் கேட்டால் வேறெதற்கு என்று நினைப்பான்? அவனும் அழுதான் பாவம். குறை சொல்ல மாட்டேன்.

ஆளுக்கொரு பக்கமாகச் சமாதானம் சொல்லி, சோடா உடைத்துக் கொடுத்து, எல்லாரும் போன பிறகுதான் எனக்குப் பயம் வந்தது. அது பொய் என்று நமக்கு மட்டும் யார் சொன்னது? உன் மாமா பாண்டிதுரை ரெஜிமெண்டுக்குப் போன் போட்டுப் பார்க்கிறான், மணி அடித்துக்கொண்டே இருக்கிறதாம்.

அந்த பிளக்ஸை என்ன செய்வது என்று தெரியவில்லை. கிழிக்கக் கை வரவில்லை, அவன் முகம் இருக்கிறது. எரிப்பது அதைவிடக் கெடுதல். சுருட்டி நெல்லுக் குதிருக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் அந்தக் காலி இடம்தான் கண்ணில் நிற்கிறது.

தழும்பு கேட்டாயே, வலது புருவத்துக்கு மேலே. ஆனால் நீ அதை எழுத வேண்டாம். உன்னைக் கும்பிட்டுக் கேட்கிறேன்.

அப்பத்தா


சென்னை,
9.2.2024

அன்பு அப்பத்தாவுக்கு,

கடிதத்தை ஹாஸ்டல் வாசலில் நின்றே படித்தேன். அம்மாவுக்குப் போன் போட்டால், "சாப்பிட்டயா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறாள். திட்டினால்கூடப் பரவாயில்லை.

வெறும் படம் என்று உனக்கு எழுதினேன் இல்லையா. உண்மையைச் சொல்கிறேன். உன் கடிதம் வருவதற்குள் சட்டை முடிந்துவிட்டது. காலர், பித்தான், தங்கப்பாண்டியன் என்ற பெயர்ப் பட்டை எல்லாம். கழுத்தும் முடிந்தது. முகம் மட்டும் வரவில்லை. போட்டோவைப் பார்த்துத்தான் வரைகிறேன், ஆனால் அப்பாவை வரைய உட்கார்ந்தால் தாத்தா வருகிறார். மூன்று முறை துடைத்துவிட்டு வரைந்தேன். தினமும் சுவரில் பார்த்த முகம் அதுதானே, கை அங்கேதான் போகிறது. வலது புருவத்தில் தழும்பு வைத்தேன். தாத்தா தழும்போடு நின்றார்.

என் ரூமில் இருக்கிற கிருபாபாய் பார்த்துவிட்டு, "இறந்தவங்க மாதிரி இருக்கு யோகு, யாரு இது?" என்றாள். அவளுக்கு நம் கதை ஒன்றும் தெரியாது.

முகத்தைச் சுத்தமாகத் துடைத்துவிட்டுக் கேன்வாஸைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்திருக்கிறேன். வகுப்புக்குள் போனால் முதுகுப் பக்கம் அது இருப்பது தெரிகிறது. அடுத்த வாரம் சனிக்கிழமை அதற்கு முழுக்க வெள்ளை அடித்துவிட்டு ஊருக்கு வந்துவிடுகிறேன். இந்தப் படிப்பு எனக்கு வேண்டாம். நம் தெருச் சேர்மக்கனி மகள் மாதிரி கிருஷ்ணன்கோவில் காலேஜுக்கு பஸ்ஸில் போய் வந்திருந்தால் யாருக்கும் ஒன்றும் ஆகியிருக்காது.

யோகு


கூமாப்பட்டி,
13.2.2024

யோகு,

வராதே. இந்தக் கடிதத்தை ஸ்பீடு போஸ்டில் போடச் சொல்லியிருக்கிறேன். நீ பையோடு பஸ்ஸை விட்டு இறங்கினால், மாரிசெல்வம் சொன்னது மெய்தான் என்று தெரு எழுந்து வந்துவிடும். உன் அம்மா இன்னொரு முறை விழுந்தால் எழ மாட்டாள்.

வெள்ளையும் அடிக்காதே. அவன் சட்டையை வெள்ளைக்குள் புதைக்கிற மாதிரி இருக்கிறது.

நான் ராத்திரி முழுக்க யோசித்தேன். சட்டையை எழுதிவிட்டாய், அதற்குள் ஒரு முகம் வந்தாக வேண்டும். என் முகத்தை வை.

சிரிக்காதே. படம் எழுதினால் ஆளைக் கொண்டுபோகும் என்பது மெய்யோ பொய்யோ எனக்குத் தெரியாது. மெய் என்றால் என்னைக் கொண்டுபோகட்டும், நான் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டேன். பொய் என்றால் உனக்கு மார்க் வரட்டும். இரண்டில் எதுவானாலும் நமக்கு நஷ்டம் இல்லை.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ் ஏறிப் போய் ஸ்டுடியோவில் போட்டோ எடுத்துக்கொண்டேன். "லேசா சிரிங்க ஆச்சி" என்றான்.

"எதுக்குலே? ஒன்னப் பாத்தா?"

"ஆதார் கார்டுக்கா?"

"மிலிட்டரிக்கு" என்றேன். அவன் விறைப்பாக நின்று எடுத்தான்.

போட்டோ உள்ளே இருக்கிறது. அந்தச் சட்டை எனக்குத் தொளதொளவென்று இருக்கும். தோளைக் கொஞ்சம் குறைத்துவிடு. பெயர்ப் பட்டையில் அவன் பெயரை எடுத்துவிட்டு என் பெயரைப் போடு. அதை மறக்காதே.

வெள்ளத்தாய்


சென்னை,
11.3.2024

அன்பு அப்பத்தாவுக்கு,

அப்பா நேற்று எனக்கும் பேசினார். "பனி கொறஞ்சிருச்சு, கீழ வந்துட்டோம். சாப்பிட்டயா?" என்றார். எனக்கு அழுகையில் ஒன்றும் கேட்கத் தோன்றவில்லை. கடைசியில், "அப்பா, தழும்பு எந்தப் பக்கம்?" என்று கேட்டுவிட்டேன். பிறகு, "இரு, கண்ணாடி பாத்துச் சொல்லுதேன்" என்றார்.

உன் படம் அநேகமாக முடிந்துவிட்டது. தோளைக் குறைத்தேன். பெயரை மாற்றினேன். கழுத்துச் சுருக்கம் காலருக்குள் போகிற இடத்தில் நீலத்தில் நிழல் வைத்திருக்கிறேன், நம் மலை நிறம். ஹெப்சிபா மேடம் வந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "இவங்க எந்த ரெஜிமெண்ட்?" என்று மெதுவாகக் கேட்டார். இந்த வருஷம் என்னைப் பார்த்து அவர் கேட்ட முதல் கேள்வி.

ஆனால் கண் வைக்கவில்லை அப்பத்தா. என்னால் முடியவில்லை. உன் தாடையை முடித்த மறுநாள் அப்பா வீட்டுக்குப் பேசியிருக்கிறார். உதட்டை முடித்த வாரம் உனக்கு மூச்சு வாங்குகிறது என்று அம்மா சொல்கிறாள். வத்திராயிருப்பு டாக்டரிடம் போனாயாமே, எனக்கு ஏன் எழுதவில்லை? உனக்கு மூச்சு வாங்குவதும் நான் பிரஷ் எடுப்பதும் ஒன்றோடொன்று சம்பந்தம் இல்லாதது என்று நான்தான் உனக்குச் சொல்ல வேண்டும். எனக்கே சொல்லிக்கொள்ள முடியவில்லை. உன்னிடமிருந்து இந்தப் பயம் எனக்கு ஒட்டிவிட்டது.

கண் இல்லாமலே பார்வைக்கு வைத்துவிடட்டுமா? மார்க் குறையும், குறையட்டும்.

யோகு


கூமாப்பட்டி,
3.4.2024

என் பேத்தி யோகேஸ்வரிக்கு அப்பத்தா எழுதுவது.

உன் அப்பன் பங்குனிப் பொங்கலுக்கு வந்து சேர்ந்தான். கறுத்து, கன்னம் ஒட்டிப்போய் வந்திருக்கிறான். வந்த மறுநாள் நெல் எடுக்கப் போனவன் கையில் அந்தச் சுருள் மாட்டிக்கொண்டது. உன் அம்மா வாயைப் பொத்திக்கொண்டு நிற்கிறாள். இவன் பிரித்து, மேலும் கீழும் பார்த்துவிட்டு, "தேதி போடாம எவன்டா வேலையப் பாதியில விட்டது?" என்று சிரித்தான். அப்புறம் தோட்டத்துக்குக் கொண்டுபோய் வைக்கோல் படப்புக்கு மேலே மூடிக் கல் வைத்துவிட்டான், முகம் வைக்கோலைப் பார்க்க. "நல்ல ஷீட்டும்மா, ரெண்டு மழைக்குத் தாங்கும்" என்கிறான். நான் அந்தப் பக்கம் இன்னும் போகவில்லை.

எனக்கு மூச்சு வாங்குவது இந்த மாசத்துக் கதை இல்லை. உன்னிடம் சொன்னால் பிரஷ்ஷைக் கீழே வைத்துவிடுவாய் என்று எழுதவில்லை. வைத்துவிட்டாயே.

கண்ணை எழுது யோகு. பயம் இல்லை என்று எழுதினால் பொய். ஸ்டுடியோவில் இருந்து திரும்பும்போது பஸ்ஸில் இறங்க வேண்டிய இடத்தில் இறங்காமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் இருந்தவள் தண்ணீர் கொடுத்தாள். ஆனால் அத்தனை பேர் வந்து பார்க்கிற இடத்தில் கண் இல்லாமல் நிற்க என்னால் ஆகாது. வருகிறவர்களை நானும் பார்க்க வேண்டாமா?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். உன் தாத்தா போன நாளில் இருந்து என் நெற்றியில் திருநீறுதான். போட்டோவிலும் அப்படித்தான் இருக்கும். அதைப் பார்த்து எழுதாதே. குங்குமப் பொட்டு வை, பெரிதாக. ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது. அந்தச் சட்டையில் இருக்கிற படத்துக்குப் பொட்டு வைப்பது நம் வழக்கம்தானே.

உன் அப்பத்தா,
வெள்ளத்தாய்