முப்பது நாள் கணக்கு

மார்ச் 13

நேற்று மாலை எல்லையில் முத்திரை வாங்கிக்கொண்டு இன்று காலையில் திரும்பினேன். பதினான்காவது தடவை. முப்பது நாள் முடிவதற்குள் பஸ் ஏறி நாட்டைவிட்டு வெளியே போய், அந்தப் பக்கம் ஒரு டீ குடித்துவிட்டு, மறுபடியும் சுற்றுலாப் பயணியாக உள்ளே வர வேண்டும். ஒரு வருஷத்துக்கு மேல் சுற்றுலா. பார்த்ததெல்லாம் பார்லர் கண்ணாடியும் ஊர்ப்பட்ட பெண்களின் புருவங்களும்தான்.

நான் இல்லாத ஒன்றரை நாளில் வங்கிக்காரம்மா பாப்பாவின் நாற்காலியில் போய் உட்கார்ந்திருக்கிறார். இத்தனை நாளும் என்னைத் தவிர யாரிடமும் முகத்தைக் காட்டாதவர். “பாப்பாவுக்கு வலிக்காத கை” என்றாராம். பார்லர் முதலாளி மேடம் அதை என்னிடமே வந்து சொல்கிறார்.

பாப்பா இங்கே வேலைக்கு வந்து நாற்பது நாள்கூட ஆகவில்லை. அவளும் டூரிஸ்ட் விசாதான். முப்பத்தொரு வயசுப் பாப்பா. வருகிறவர்கள் வைத்த செல்லப் பெயர். எனக்கு யாராவது வைத்தார்களா? வயிறு எரிகிறது. எழுதினால் குறையும் என்று எழுதுகிறேன். குறையவில்லை.

மார்ச் 16

மேடம் கடை சாத்தும்போது இரண்டு பேரையும் நிறுத்திச் சொன்னார். “நம்ம கடைக்கு ஒரே ஒரு வேலை விசாதான் கொடுப்பாங்களாம். யாருக்குன்னு யோசிச்சுச் சொல்றேன்.”

யோசிக்க என்ன இருக்கு? நான் எவ்வளவு நாளா இருக்கேன், அவ எவ்வளவு நாளா இருக்கா? ஆனால் சொல்லும்போது மேடத்தின் கண் பாப்பா பக்கம்தான் போனது. பார்த்தேன்.

வேலை விசா இருந்தால் மகளைக் கூட்டிவந்து இங்கே பள்ளியில் சேர்க்கலாம். இப்போது என் தங்கை வீட்டில் இருக்கிறாள். “அம்மா, சித்தி பின்னினா முடி வலிக்குதும்மா” என்கிறாள் போனில். யார் யார் முடியையோ நான் சீவிக்கொண்டிருக்கிறேன்.

மார்ச் 19

இன்று அவளுக்கு ஏழு பேர். எனக்கு மூன்று. எண்ணக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எண்ணினேன்.

மார்ச் 24

நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

மதியம் ஒரு கல்லூரிப் பெண்ணுக்குப் புருவம் எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் பாப்பா தலைமுடிச் சாயத்தைக் கலக்கியபடி சொன்னாள். “அக்கா, நாலாம் தேதிக்கு பஸ் டிக்கெட் போட்டுட்டேன். போன மாசமும் இந்த மாசமும் நாலாம் தேதிதானே ஸ்டாம்ப் அடிச்சாங்க. எல்லா மாசமும் நாலுன்னு வச்சுக்கிட்டா மறக்காது, இல்லக்கா?”

போன தடவை பிப்ரவரி. குறை மாதம், அதனால் தப்பித்தாள். மார்ச்சுக்கு முப்பத்தொரு நாள். உள்ளே வந்த நாளையும் சேர்த்துத்தான் எண்ணுவார்கள். ஏப்ரல் இரண்டோடு அவள் கணக்கு முடிகிறது. முத்திரையில் வந்த தேதி மட்டும்தான் இருக்கும், முடிகிற தேதி இருக்காது. நாம்தான் எண்ணிக்கொள்ள வேண்டும்.

என் வாயில் நூல் இருந்தது. பல்லில் கடித்துக்கொண்டிருந்தேன். அதனால் தலையை மட்டும் ஆட்டினேன்.

நூலை எடுத்துவிட்டுச் சொல்லியிருக்கலாம்.

மார்ச் 25

எனக்கு மட்டும் யார் சொல்லிக் கொடுத்தார்கள் என்று காலையிலிருந்து மனசுக்குள் சண்டை போட்டேன். ஆனால் ஒருத்தி சொன்னாள். முதல் தடவை பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இருந்தவள். பெயர்கூடத் தெரியாது. என் விரலைப் பிடித்து எண்ணிக் காட்டினாள்.

மார்ச் 30

இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் குளித்தேன். பதினோரு மணிக்கு டாக்டரம்மா வந்தார். என் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. “பரவாயில்லை, பாப்பா முடிக்கட்டும், நான் வெயிட் பண்றேன்” என்று பத்திரிகையைப் பிரித்துக்கொண்டார்.

முக்கால் மணி நேரம் நான் சும்மா சீப்புகளைக் கழுவினேன். சொல்லவில்லை.

ஏப்ரல் 1

பாப்பா என் ஸ்வெட்டரைக் கேட்டாள். பஸ்ஸில் ஏசி குளிருமாம். கொடுத்தேன். “நீங்க இருக்கறதாலதான்க்கா எனக்கு இங்க பயமே இல்ல” என்றாள். ஏன்டி இப்படிப் பேசுற? ஒரு தடவையாவது என்கிட்ட எரிஞ்சு விழேன்.

இப்போது சொன்னால்கூட நாளைக் காலை பஸ் பிடிக்கலாம். ஏப்ரல் ஃபூல் என்று நினைத்துச் சிரிப்பாள். இப்படியும் ஒரு சாக்கு எனக்குக் கிடைக்கிறது.

ஏப்ரல் 3

முடிந்தது. இனி சொன்னாலும் ஒன்றுதான், சொல்லாவிட்டாலும் ஒன்றுதான். நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன்.

ஏப்ரல் 4

மதியம் போன். எல்லைக் கவுன்ட்டரிலிருந்து. அழுகையில் பாதி புரியவில்லை. “ரெண்டு நாள் ஜாஸ்தி ஆயிடுச்சாம்க்கா. ஒரு வருஷத்துக்கு உள்ள விட மாட்டாங்களாம். என் பெட்டியெல்லாம் ரூம்லயே இருக்கு. இந்தக் கணக்கு உங்களுக்குத் தெரியுமாக்கா?”

“தெரியாதேம்மா” என்றேன். அவ்வளவு சுலபமாக வந்தது.

ஏப்ரல் 6

பாப்பா அந்தப் பக்கமிருந்தே ஊருக்கு விமானம் ஏறிவிட்டாள். பெட்டியை நான்தான் அடுக்கி அனுப்பினேன். இன்று எனக்குப் பதினோரு பேர். பதினோரு பேரும் கேட்டார்கள், பாப்பா எங்கே என்று.

ஏப்ரல் 9

என் முறை. அதே கவுன்ட்டர். அதிகாரி மேஜைமேல் விரலால் தட்டித் தட்டி எண்ணினார். இருபத்தொன்பது. பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு நானும் ஒரு தடவை விரல் விட்டு எண்ணினேன்.

ஏப்ரல் 22

மேடம் கூப்பிட்டு ஒரு காகிதக் கட்டை முன்னால் வைத்தார். வேலை விசா விண்ணப்பம். “உன்னோட கையெழுத்து மட்டும்தான் பாக்கி” என்றார்.

மேலே தேதி மார்ச் 17 என்று இருந்தது.

“அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். விசா ஆபீஸ்ல கடைக்கு ஒப்புதல் வர்ற வரைக்கும் உனக்குத் தெரிய வேண்டாம்னு நினைச்சேன். பாப்பாதான் உட்கார்ந்து எல்லாம் எழுதினா. எனக்கு ஃபாரம்னாலே தலை சுத்தும்.”

கட்டம் கட்டமாக அவளுடைய உருண்டைக் கையெழுத்து. உடன் வரும் குழந்தை என்ற இடத்தில் என் மகளின் பெயர். பிறந்த தேதி. படிக்கும் வகுப்பு. எதிலும் அடித்தல் திருத்தல் இல்லை.

“என்ன, ஏதாவது தப்பா எழுதியிருக்காளா?” என்றார் மேடம்.

“இல்ல மேடம். எல்லாம் சரியாத்தான் இருக்கு.”

கையெழுத்துப் போட்டேன்.